ஐஸ் பெட்டியில் வந்த எழுபத்தொரு கல்

அந்த ஹார்ட் டிஸ்க் என் மேசைக்கு வந்தபோது அதில் மீன் வாடை அடித்தது.

கல்முனைக்குடியில் ஒரு ஃபோட்டோகொப்பிக் கடையின் பின்பக்கம் எனக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பூட்டுப் போட்ட ஒரு அலமாரி. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளில் மாட்டிக்கொண்ட தகவல்களை மீட்டுக் கொடுப்பது என் வேலை. மாரி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய தோளில் ஒரு கையை வைத்தபடி, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய கணவர் பின்னால் வந்தார். பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்கள். உள்ளே உடைத்த ஐஸ்.

"மீன்கடை அடுத்த ஒழுங்கை, ராத்தா," என்றேன். மூத்த சகோதரியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. மூத்த சகோதரன் என்றால் காக்கா.

"மீனில்ல தம்பி. உள்ளுக்குக் கையப் போட்டுப் பாருங்க."

கையை விட்டேன். மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு, ஐஸின் நடுவில் ஒரு ஹார்ட் டிஸ்க் கிடந்தது.

"எத்தன நாளா ஐஸில கிடக்கு?"

"மூணு நாள். காலையும் பின்னேரமும் ஒழுங்கா ஐஸ் மாத்தினோம்."

"யாரு சொன்ன இப்படிச் செய்யச் சொல்லி?"

கறுப்புக் கண்ணாடிக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எங்கட மருமகன். ஃபோன்ல ஒரு வீடியோ பார்த்தாராம். குளிர்ல வெச்சா ஹார்ட் டிஸ்க்குக்கு உயிர் வருமாம். செத்த ஆள்ட மையத்த ஐஸில வெச்சா கெடாம இரிக்கும். எழும்பி நடக்குமா?"

அந்த வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். பழைய காலத்து டிஸ்க் ஒன்றிரண்டு குளிரில் வைத்து எடுத்ததும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும். அதை வைத்து ஊரெல்லாம் வைத்தியம் சொல்கிறார்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால், சர்பத் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் உள்ளதும் போய்விடும்.

"எடுத்து எந்தக் கம்பியூட்டர்லயும் கொழுவிப் பார்த்தீங்களா?"

"இல்ல. உங்களிட்டக் காட்டிட்டுத்தான் எண்டு நான் விடல்ல," என்றார் ராத்தா.

அந்த ஒரு வார்த்தையில் பாதி வேலை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. டிஸ்க்கைப் பையோடேயே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். சூடு ஆறி, அதாவது குளிர் ஆறி, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பையைப் பிரித்து, செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைக்கட்டுகளோடு ஒரு கிழமை அதே டின்னில் மூடி வைக்கவேண்டும். அதைச் சொன்னேன்.

"ஒரு கிழமையா?" என்றார் கணவர்.

"அவசரப்பட்டா ஒண்டுமே மிஞ்சாது காக்கா."

அவர் டின்னின் மூடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "உள்ளுக்கு என்ன கிடக்குண்டு நீ கேக்கல்லயே," என்றார்.

"நான் கேக்கிறதில்ல."

"கேக்காததும் காணாது. நீ பார்க்கவும் படா. மீட்டுத் தரணும், ஆனாப் பார்க்கப்படா. ஏலுமா?"

இந்தத் தொழிலில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுத்துத் தரச் சொன்னவர் இவர் ஒருவர்தான். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் கணவரின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கல்லு தம்பி," என்றார். "இவர்ட கல்லெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு."

கடலுக்குப் போகாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் கரைக்கு வெளியே கடலின் அடி பெரும்பாலும் மணல். இடைக்கிடை பாறை. பாறை உள்ள இடத்தில்தான் கலவாயும் பாரையும் விளைமீனும் கூடும். அந்தப் பாறையைத்தான் கல் என்பார்கள். ஒரு கல்லைக் கண்டுபிடிக்க ஒருவனுக்கு ஒரு மாதமும் போகலாம், பத்து வருடமும் போகலாம். கண்டுபிடித்தால் ஜிபிஎஸ் கருவியில் அந்த இடத்தின் இலக்கத்தைப் பதிந்துகொள்வான். அந்த இலக்கத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான்.

இந்தக் காக்கா அதையும் தாண்டியவர். ஒவ்வொரு நாளும் போட் கரைக்கு வந்ததும், ஆட்கள் வலையை இறக்குவதற்கு முன்பே, கருவியில் இருந்த எல்லா இலக்கங்களையும் அழித்துவிடுவார். அடுத்த நாள் விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு ராத்தா வீட்டுக் கம்பியூட்டரிலிருந்து அன்றைக்கு வேண்டியதை மட்டும் திரும்பக் கருவியில் ஏற்றிக் கொடுப்பார். காக்கா எழுத்து வாசிப்பு அதிகம் இல்லாதவர். ராத்தா பத்தாம் வகுப்புவரை படித்தவர். அட்டாளைச்சேனைக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போன மகள், உம்மாவுக்குக் கம்பியூட்டரில் ஒரே ஒரு காரியம்தான் பழக்கிவிட்டிருந்தார்: புதிதாக ஒரு கோப்பைத் திற, தட்டு, பெயர் வைத்து மூடு. ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கோப்பு. எழுபத்தொரு கோப்பு. இலக்கத்துக்குக் கீழே, அந்தக் கல்லைப்பற்றிக் காக்கா சொன்னது: எந்தக் காற்றில் போகலாம், எந்த மீன், வலை சிக்குமா.

வேறு பிரதி எங்கேயும் இல்லை. "பென் டிரைவில? கொப்பியில எழுதி?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது ஒண்டு இரிந்தா அது எப்படி ரகசியம்?" என்றார் காக்கா.

இப்போது அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. ஒரு கண் முடிந்தும் இன்னும் பார்வை தெளியவில்லை, மற்றக் கண்ணுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இந்தப் பருவம் கடலுக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாடைக்காற்று அடங்கியதும் போட்டை மருமகன்தான் கொண்டுபோகவேண்டும். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். இந்த மருமகனும் வந்து ஐந்து வருடம். ஆனால் அவருடைய சொந்த ஊர் மருதமுனை. அங்கே அவருடைய காக்காமார் மூன்று பேருக்கு மூன்று போட்.

"திங்கிறது இஞ்ச, கதைக்கிறது அங்க," என்றார் காக்கா. "கல்லுகளக் காட்டுங்க மாமாண்டு கேட்டு ரெண்டு கிழமை போகல்ல. ஹார்ட் டிஸ்க் நிண்டு போச்சு. அதுக்குப் பிறகு ஐஸ். நீயே யோசி."

"மருமகனுக்கு ஐஸ் மாத்த சைக்கிள்ல ஓடியோடிக் கால் வீங்கிக் கிடக்கு," என்றார் ராத்தா. "இந்த மனிசன்ட வாய்க்குப் பயந்து அவர் வீட்டுக்குள்ள சத்தமாத் தும்முறதுமில்ல."

இப்படித்தான் விசயம் எனக்கு விளங்கியது. கல்லுகள் வந்தால் போட் கடலுக்குப் போகும். வராவிட்டால் போட்டும் இல்லை, மருமகனும் இல்லை. இரண்டாவதை அவர்கள் சொல்லவில்லை.

என்னைப்பற்றிக் கொஞ்சம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சம்மாந்துறையில் அரிசி ஆலை, பிறகு பஸ்ஸில் கண்டக்டர், பிறகு கொழும்பில் கடை கூட்டுகிற வேலை, பிறகு சார்ஜா. அங்கே நான் கூட்டப்போன கடையில் ஹார்ட் டிஸ்க் திருத்துகிற மலையாளி ஒருவர் இருந்தார். லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய கதிரையில் நான் உட்கார்ந்தேன். முதல் ஆறு டிஸ்க்கை நாசமாக்கினேன். ஏழாவது பிழைத்தது. முதலாளி பாஸ்போர்ட்டைத் தராமல் வைத்திருந்த பதினான்கு மாதமும் அந்தக் கதிரையிலேயே தூங்கினேன். கதிரை நல்ல கதிரை. எந்த ஊரிலிருந்தும் சொல்லிக்கொண்டு புறப்பட்டதில்லை. சொன்னால் இருக்கச் சொல்வார்கள், அல்லது போகச் சொல்வார்கள், இரண்டுமே எனக்குச் சரிவராது. அந்தக் கிழமையும் மாலைதீவில் ஒரு வேலை வந்து, பையைப் பாதி அடுக்கி வைத்திருந்தேன்.

ஒரு கிழமை கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். டிஸ்க் காய்ந்திருந்தது. கீழ்ப்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு சின்னப் போர்ட் இருக்கும். அதன் திருகாணிகளைக் கழற்றித் திருப்பினேன். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் உறுப்புகளும் இந்தப் போர்ட்டும் ஒன்றையொன்று தொடுவது அரிசி மணியைவிடச் சிறிய சில உலோகப் பொட்டுகளால். அவை பளபளவென்று இருக்கவேண்டும். இவை கறுத்து, ஓரம் பச்சை பிடித்துக் கிடந்தன.

எங்கள் கடற்காற்று எதையும் விடுவதில்லை. யன்னல் கம்பி, சைக்கிள் செயின், கூரைத் தகட்டின் ஆணி, எல்லாவற்றையும் தின்னும். கம்பியூட்டருக்குள்ளேயும் போகும். ராத்தா கம்பியூட்டரை வைத்திருந்தது கடல் பார்த்த யன்னலுக்குக் கீழே; கணவரின் போட் வருவது தெரியவேண்டும் என்று.

"காக்கா, கையத் தாங்க," என்று அவருடைய சுட்டுவிரலை அந்தப் பொட்டுகளின் மேல் வைத்தேன். சொரசொரப்பை அவர் தடவிப் பார்த்தார். நான் தடுப்பதற்குள் விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

"உப்புத்தான். இது வருசக்கணக்கா நடந்த வேலை. யாரும் உடைக்கல்ல. ஐஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

முன்பக்கம் ஃபோட்டோகொப்பி மெஷின் யாருடையதோ அடையாள அட்டையைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா?" என்றார் ராத்தா.

"கேட்டன், கேட்டன். கண்தான் புள்ள ஒப்பரேசன். காது நல்லாத்தான் இரிக்கி."

முன்பக்கத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் அழிறப்பர் ஒன்றை எடுத்துவந்தேன். பொட்டுகளை ஒவ்வொன்றாக, பிழையாக எழுதிய எழுத்தை அழிப்பது போல மெதுவாகத் தேய்த்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். போர்ட்டைத் திரும்பப் பூட்டினேன்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் காக்கா கேட்டார்: "உள்ளுக்கு என்னதான் நடக்கும்?"

"கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, நிமிசத்துக்கு ஏழாயிரம் தரத்துக்கு மேல சுத்தும். அதுக்கு மேல ஒரு கை நீட்டிக் கிடக்கும். கையிட நுனியில எள்ளவிடச் சின்ன ஒரு தலை. அந்தத் தலைதான் வாசிக்கிறது. ஆனாத் தட்டத் தொடாது. தட்டு சுத்துற காத்துல மிதக்கும். இடையில புகை போகவும் இடமில்ல. தொட்டா கீறும். கீறினா அந்த இடத்துல எழுதினது போச்சு."

"அப்ப, கடல் வத்தின நேரம் போட் கல்லுக்கு மேலால போற மாதிரி."

"அப்படித்தான். இதுல ஓட்டி இறங்கிப் பார்க்க ஏலா."

பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டேன். சாகிற டிஸ்க் டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டும். கை போய் இடத்தைத் தேடி, கிடைக்காமல் திரும்பிவரும் சத்தம். இது ஒரு தரம் தட்டியது. இரண்டாம் தரம் தட்டியது. பிறகு விசில் போல ஒரு சத்தம் மெல்ல உயர்ந்து, சமமாகி, உள்ளே எறும்பு ஊர்வது போல் ஒரு கீச்சுக் கீச்சு. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ராத்தா.

"முதல்ல முழுசா ஒரு பிரதி எடுக்கணும்," என்றேன்.

காக்கா கதிரையிலிருந்து எழும்பினார். "கொப்பியா? கொப்பி எடுக்க யாரு சொன்ன?"

நான் விளங்கப்படுத்தினேன். நோயாளி எழும்பி உட்கார்ந்துவிட்டான் என்று அவனை வயலுக்கு அனுப்பமாட்டோம். இந்த டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அதிலே எதையும் தேடக்கூடாது, திறக்கக்கூடாது. தட்டின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றவேண்டும். தேடுவதெல்லாம் அந்தப் பிரதியில். எல்லா இடத்திலும் இந்தத் தொழிலின் முதல் விதி இதுதான்.

"உனக்கு விதி. எனக்கு வயித்துப்பாடு. வா புள்ள, போவம்."

ராத்தா அசையவில்லை. "நீங்க போங்க. நான் இரிக்கன்."

அவர் இரண்டு அடி வைத்தார். முன்பக்கத்துக்கு வழி தெரியவில்லை. ராத்தாவின் தோள் இல்லாமல் அவரால் ஒழுங்கைவரையும் போகமுடியாது. அங்கேயே நின்றார். அப்புறம் கதிரையைத் தடவி உட்கார்ந்தார். "பிளேன்டீ கிடைக்குமா இஞ்ச?" என்றார்.

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. பிரதி ஓடும்வரை ராத்தா பக்கத்தில் இருப்பார். கடை மூடும்போது டிஸ்க் இரண்டையும் பிஸ்கட் டின்னில் வைத்து அலமாரியில் பூட்டி, சாவியை ராத்தா வீட்டுக்குக் கொண்டுபோவார். என் அலமாரிச் சாவியை இன்னொருவர் கொண்டுபோனது அதுதான் முதல் தரம்.

பிரதி மூன்று நாள் எடுத்தது. முதல் நாள் விறுவிறு என்று போனது. இரண்டாம் நாள் தொடக்கத்தில் ஒரு மோசமான இடம் வந்தது. டிஸ்க் அங்கே மூச்சுத் திணறியது. அந்த இடத்தை விட்டுவிட்டு அப்பால் போய், மற்றதையெல்லாம் முடித்து, பிறகு அந்த மோசமான இடத்துக்கு மறுபக்கத்திலிருந்து பின்னோக்கி வாசித்துக்கொண்டு வரும்படி வைத்தேன். முன்னாலிருந்து போனால் வாசிக்க முடியாதது பின்னாலிருந்து வந்தால் சில நேரம் வாசிக்கும்.

"வலை கல்லுல சிக்கினா நாங்களும் அதத்தான் செய்ற," என்றார் காக்கா. "இந்தப் பக்கத்தால இழுத்தாக் கிழியும். விட்டுட்டு, போட்டச் சுத்திக் கொண்டு போய் அந்தப் பக்கத்தால தூக்கணும். மெதுவா."

இரண்டு தரம் கரண்ட் போனது. கார் பெட்டரியில் கொழுவி வைத்திருந்ததால் டிஸ்க் நிற்கவில்லை. அந்த மூன்று நாளில் ராத்தா என்னுடைய சரித்திரம் முழுவதையும் கறந்துவிட்டார். வீடு எங்கே, உம்மா இருக்கிறாவா, ஏன் கலியாணம் முடிக்கவில்லை. மாலைதீவு விசயத்தையும் சொல்லிவிட்டேன்.

"கடலுக்கு நடுவுல ஒரு தீவுல போய் இரிக்கப் போறீங்களா? உங்களுக்கு இந்தக் கதிரையில ஒரு மணித்தியாலம் இரிக்க ஏலா. ஒழுங்கைக்கும் கடைக்கும் நடந்து தேயிறீங்க."

மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பிரதி முடிந்தது. பழைய டிஸ்க்கை நிறுத்தி டின்னில் வைத்தேன். பிரதியைத் திறந்து கோப்புகள் இருக்கும் இடத்தைத் தேடினேன். உள்ளே பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், பார்க்கவில்லை. ஆனால் பெயர்கள் கண்ணில் படாமல் இருக்காது. வழக்குக் கல். சோத்துப் பார்சல் கல். ரெண்டாம் மகள் கல். கோவக்காரி.

"பேர் தெரியிது காக்கா. அதுக்கு நான் ஒண்டும் செய்ய ஏலா."

"பேர வெச்சு யாரும் வலை போட ஏலா," என்றார். பிறகு, "கோவக்காரி இரிக்கா?"

"இரிக்கி."

ராத்தா அவரைப் பார்த்த பார்வை அவருக்குத் தெரியாமல் போனது நல்லது.

கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று யாராவது பார்க்கவேண்டும். ஆகவே ராத்தா என் கதிரையில் உட்கார்ந்தார், நான் என் சொந்தக் கடையைவிட்டு வெளியே போய் ஒழுங்கையில் நின்றேன். காக்கா கதவுப்பக்கம் காவல். அவர் வடக்கிலிருந்து தெற்காக, துறைநீலாவணைக்கு நேரேயிருந்து தொடங்கி, கல்லுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல, ராத்தா ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து "இரிக்கி" என்றார். கண் தெரியாமல் இருந்த அந்த மனிதர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பாடம் கேட்பது போல இருந்தது. அறுபதைத் தாண்டினார்கள்.

"மூத்த கல்லு."

உள்ளே மவுஸ் மட்டும் கிளிக், கிளிக் என்றது.

"மூத்த கல்லு, புள்ள."

"இல்ல."

அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு இல்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை உண்டு. மிகச் சின்னக் கோப்புகளைக் கம்பியூட்டர் அந்த அட்டவணைக்குள்ளேயே எழுதி வைத்துவிடும். கீறல் விழுந்த இடம் அந்த அட்டவணையில் ஒரு துண்டு. பின்பக்கத்தாலும் முன்பக்கத்தாலும் முயன்றேன். அந்த ஐந்தும் போனது போனதுதான். எல்லாம் ஒரே கோப்பில் இருந்திருந்தால் ஒன்றுமே மிஞ்சாமலும் போயிருக்கலாம். ராத்தாவுக்கு ஒரு காரியம் மட்டுமே தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதைச் சொன்னேன். காக்காவுக்கு அது கேட்கவில்லை.

"மூத்த கல்லு நான் முதல்முதல் கண்டது," என்றார். "கருவி ஒண்டும் இல்லாத காலம். பள்ளி மினாராவுக்கு நேர் பின்னால மலையிட தோள் வந்து நிக்கணும். அது ஒரு கோடு. தெற்கால, பனங்காடு முடிஞ்சு வெளி தொடங்குற இடத்துக்கு மேல அந்த வெள்ளை நிறத் தண்ணித் தாங்கி ஏறி நிக்கணும். அது மத்தக் கோடு. ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல..."

நிறுத்தினார். நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். ஃபோட்டோகொப்பி மெஷினும் அந்த நேரம் பார்த்துச் சும்மா இருந்தது.

"தம்பி," என்றார். "உனக்கு போட் இரிக்கா?"

"இல்ல."

"காக்கா தம்பி, மச்சான்மார், யாரும் கடலுக்குப் போறதா?"

"யாருமில்ல."

"நீந்தத் தெரியுமா?"

"தெரியா. பாலத்தடியில தோணியில ஏறினாலே எனக்கு வயித்தப் பிரட்டிச் சத்தி வரும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அவர், முழு மனதோடு.

கோடு தெரியும், இலக்கம் தெரியாது. கோட்டைக் கண்ணால் பார்த்துப் போட்டை நிறுத்த ஒருவர் வேண்டும். காக்காவுக்குக் கண் இல்லை. அன்றைக்கு அவர் எழும்பும்போது, கதவுப்பக்கம் முகத்தைத் திருப்பி, "அவருக்கு ஒரு ஃபோன் கோல் எடு புள்ள," என்றார். யாருக்கு என்று ராத்தா கேட்கவில்லை.

வாடை அடங்கிய முதல் கிழமை, ஒரு காலை எட்டு மணிக்கு ராத்தா எனக்கு ஃபோன் பண்ணி, கரைக்கு வரச் சொன்னார். போனேன். கடல் எண்ணெய் தடவியது போல் கிடந்தது. இழுத்து வைத்த ஒரு தோணியின் நிழலில் இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் போட்டோடு வெளியே போயிருந்தார். ஃபோன் காக்காவின் கையில், சத்தமாக.

"மாமா, மலையிட தோள் தெரியிது. மினாராவக் காணல்ல."

"மினாரா எங்க போற? நல்லாப் பாருங்க."

"முன்னால ஒரு பெரிய கட்டிடம் மறைச்சிட்டு நிக்கிது மாமா. கலியாண மண்டபம்."

"அது எப்ப கட்டின?"

ஃபோனில் இஞ்சின் சத்தம் குறைந்தது. "எங்கட கலியாணமே அதுலதானே மாமா நடந்த."

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காக்காவும் சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வருடக்கணக்காக இலக்கத்தை மட்டும் பார்த்துப் போய் வந்தவர் அவர். கரையை அவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"சரி. வடக்கால கொஞ்சம் எடுங்க. மண்டபத்துட ஓரத்தால மினாராட நுனி எட்டிப் பார்க்கும் வரைக்கும். வந்ததா?"

"வந்திட்டு."

"இப்ப எத்தின தூரம் தள்ளி வந்திரிக்கீங்களோ, அதத் திரும்ப மனசுல வெச்சுத் தெற்கால வாங்க. தண்ணித் தாங்கி பனங்காட்டுக்கு மேல ஏறினதும் இஞ்சினை நிப்பாட்டுங்க. நிப்பாட்டி, ஈயத்தப் போடுங்க."

ஈயக் கட்டி கட்டிய நூல் அடியைத் தொட்டால் கைக்குத் தெரியும். மணலில் அது பொத்தென்று இருக்கும். கல்லில் தட்டும். ஒரு தரம் போட்டார், மணல். இரண்டாம் தரம், மூன்றாம் தரம், மணல். காக்கா மணலைக் கையால் அள்ளி அள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஏழாவதோ எட்டாவதோ தரம்.

"மாமா, தட்டுது."

"எப்படித் தட்டுது?"

"கதவத் தட்டுற மாதிரி. திரும்பவும் போட்டுப் பார்க்கன். ஓம், தட்டுது. இலக்கத்தச் சொல்லட்டா? ஏழு தசம்..."

"நில்லுங்க, நில்லுங்க!" என்று காக்கா சத்தம் போட்டார். அந்தப் பக்கம் வலை உதறிக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஃபோனின் சத்தத்தைத் தடவித் தடவிக் குறைத்து, அதை ராத்தாவின் காதோடு அழுத்தினார். ராத்தா கேட்டுக் கேட்டு உள்ளங்கையில் பேனையால் எழுதினார். நான் கடலைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பருவத்தில் ஐந்தில் மூன்றைக் கண்டுபிடித்தார்கள். மற்ற இரண்டையும் மருமகன் இன்னும் தேடுகிறார். தேடும்போது யாருக்கும் தெரியாத ஒரு புதுக் கல்லைக் கண்டிருக்கிறார். அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. மாமா வைக்கட்டும் என்று விட்டிருக்கிறார். கருவியில் உள்ள இலக்கங்களை இப்போது யாரும் அழிப்பதில்லை என்று ராத்தா சொன்னார்.

கடைசியாக ஒரு காரியம் இருந்தது. திரும்பக் கிடைத்த மூத்த கல்லையும் சேர்த்து எல்லாவற்றையும் புதிய டிஸ்க்கில் போட்டுக் கொடுத்த அன்றைக்கு, இரண்டாவது பிரதி ஒன்று வேண்டும் என்றும், அது அதே வீட்டில் இருக்கக்கூடாது என்றும் சொன்னேன். உப்புக்காற்றும் வெள்ளமும் ஒரு வீட்டுக்குள் வந்தால் இரண்டையும்தான் எடுத்துக்கொண்டு போகும். இந்தத் தரம் காக்கா எழும்பவில்லை. யாருடைய வீட்டில் வைப்பது என்று யோசித்தார்கள். ராத்தாவின் தம்பிக்கு போட் இருக்கிறது. காக்காவின் சாச்சா மகனுக்கு இரண்டு. மூத்த மகளின் மாமனார் வீடு என்றால் நாளைக்கே சாய்ந்தமருது முழுக்க அந்தக் கல்லில் நிற்கும். ஒவ்வொரு வீடாகச் சொல்லி ஒவ்வொரு வீடாகத் தள்ளினார்கள். சொந்தத்தில் கடலுக்குப் போகாத வீடே இல்லை.

காக்கா என் பக்கம் திரும்பினார். ஒரு கண் அப்போது நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. என்னை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தார்.

"இவனுக்கு நீந்தவும் தெரியாது," என்றார் ராத்தாவிடம்.

பிரதியைப் பிஸ்கட் டின்னில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பைக்கட்டுகளை நிரப்பி, மூடியைச் சுற்றி ராத்தா தன் கையால் டேப் ஒட்டினார். டேப்பின் மேல் காக்கா கையொப்பம் வைத்தார். அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு சாவி அவர்களிடம், ஒன்று என்னிடம்.

வாசலில் நின்று அவர் திரும்பினார். "மாலைதீவு எண்டு என்னவோ கதைச்சியாம்?"

"அது இன்னும் முடிவாகல்ல காக்கா."

"போறதெண்டா எங்களிட்டச் சொல்லிட்டுப் போ."

எந்த ஊரிலும் யாருக்கும் நான் அப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

"சொல்லிட்டுத்தான் போவன்," என்றேன்.